சத்து மாத்திரை

என் தங்கச்சிக்கு இடது காது கேக்காது. பொறவிக் குறையெல்லாம் இல்ல. இருபத்தி நாலு வயசு வரைக்கும் அடுத்த தெருவுல ஐஸ் வண்டி மணி அடிச்சா மொதல்ல அவளுக்குத்தான் கேக்கும். அந்தக் காதப் போக்கினது நான். பூரிக்கட்டையால அடிச்சேன். இத நான் யாருகிட்டயும் மறைக்கறதில்ல. மறைச்சா மட்டும் காது திரும்பி வந்துடப் போவுதா?

இப்ப அவளுக்கு ஒண்ணரை வயசுல ஒரு பொண்ணு இருக்கா. கண்டமங்கலத்துல குடும்பம். தங்கச்சி வூட்டுக்காரரு அங்கேருந்து தினம் புதுச்சேரிக்கு வேலைக்குப் போயிக்கினு வர்றாரு. திண்டிவனத்துல எங்க வூட்டுக்கு அவ மாசத்துக்கு ஒரு தடவயாவது வருவா. வந்தா எங்கம்மா மடியில புள்ளைய வெப்பா, எதுத்த வூட்டு அக்கா தூக்கிக்கினு போனாலும் கம்முனு இருப்பா, கறிக்காய் விக்கற அம்மாகிட்ட கூட குடுப்பா. என் கையில மட்டும் குடுக்க மாட்டா. சண்டை இல்ல, மொறைப்பு இல்ல. நான் கைய நீட்டினா, "பால் குடிக்கணும்க்கா", "தூக்கம் வருதுக்கா"ன்னு ஏதாவது ஒண்ணு சொல்லிட்டுத் தூக்கிக்குவா. அந்தப் புள்ளைய ஒரு தடவ தூக்கணும்னு எனக்கு வெறி. வேற ஆசை இன்னா இருக்கு எனக்கு?

நான் கோவக்காரி. எல்லாருக்கும் கோவம் மூக்கு மேல இருந்தா உனக்கு உள்ளங்கையில இருக்குடின்னு எங்கம்மா சொல்லும். எங்கப்பா அப்படித்தான். டோல்கேட் பக்கம் பஞ்சர் கடை வெச்சிருந்தவரு. ஒரு தடவ கடையில வேலை செஞ்சவன் நட்டு சரியா முடுக்கலன்னு டயர் கழட்டற லிவரால அவன் முழங்கால் மேல ஒரே போடு போட்டாரு. அந்தாளு இன்னிக்கும் சாய்ஞ்சு சாய்ஞ்சுதான் நடக்கறாரு. அப்பா செத்து பல வருஷம் ஆச்சு. நான் கத்தும்போதெல்லாம் சொந்தக்காரங்க, "அப்படியே அப்பன உரிச்சு வெச்சிருக்கா"ன்னு சிரிப்பாங்க. அந்தச் சிரிப்புலதான் எல்லாம் கெட்டுச்சுன்னு எனக்கு இப்ப தோணுது. எனக்கு உடம்பு சரியில்லாம போனப்ப யாருக்கும் அது வியாதின்னே தோணல. கோவக்காரிக்குக் கோவம் வந்தா டாக்டர்கிட்டயா இட்டுக்கினு போவாங்க?

என் பேஜாரு மூஞ்சியிலதான் ஆரம்பிச்சுது. பன்னெண்டாவது படிக்கறப்ப வந்த பரு இருபத்தாறு வயசாகியும் போவல. சும்மா சிவப்பா பொடிப் பொடியா வர்ற பரு இல்ல. ஒவ்வொண்ணும் சுண்டைக்காய் தண்டி, உள்ள சீழ். காலையில எழுந்தா தலகாணி உறையில ரத்தமும் மஞ்சளுமா ஒட்டிக்கினு இருக்கும். வேப்பிலை, கத்தாழை, கடலை மாவு, அவங்க சொன்னது இவங்க சொன்னது எல்லாம் அப்பிப் பாத்தாச்சு. அப்ப நான் விக்கிரவாண்டி டோல்கேட்டுல பூத்துல உக்காந்து வேலை. ஒரு நாளைக்கு எத்தினியோ ஆயிரம் பேரு ஜன்னல் வழியா நேரா என் மூஞ்சியப் பாத்துட்டுப் போவான். சில பேரு பாத்துட்டு சட்டுனு வேற பக்கம் திரும்பிக்குவான். திட்டறவன் கூட பரவால்ல, அப்படித் திரும்பிக்கறவன இழுத்துப் போட்டு மிதிக்கணும் போல இருக்கும். பொண்ணு பாக்க ரெண்டு குடும்பம் வந்துச்சு. ரெண்டு பேரும் பஜ்ஜிய தின்னுட்டு, போன்ல சொல்றோம்னு போனவங்கதான்.

விழுப்புரத்துல ஒரு தோல் டாக்டரம்மாகிட்ட போனேன். நல்ல அம்மா. மூஞ்சியத் தொட்டுப் பாத்துட்டுச் சொன்னாங்க: "இது விட்டமின் ஏ-லேருந்து செய்யற மாத்திரை. நல்லா கேக்கும். ஆனா விளையாட்டு மாத்திரை இல்ல. மாசா மாசம் வரணும், ரத்தம் டெஸ்ட் பண்ணணும். தலைவலியோ, கண்ணு மங்கலோ, மனசு ஒரு மாதிரியோ ஆச்சுன்னா அன்னிக்கே நிறுத்திட்டு எனக்கு போன் பண்ணு. நானா எழுதித் தராம வேற எந்த மாத்திரையும் இதுகூட சேத்து சாப்பிடாத. கல்யாணம் கூடி வந்தா முன்னாடியே சொல்லணும்." சொன்னத அப்படியே சீட்டுலயும் எழுதிக் குடுத்தாங்க. அந்தம்மா மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. அவ்ளோ நேரம் பேசினதுல என் மண்டையில ஏறினது ஒரே ஒரு வார்த்தைதான். விட்டமின்.

வூட்டுக்கு வந்ததும் எங்கம்மா, "இன்னா மாத்திரைடி குடுத்தாங்க?"ன்னுச்சு.

"விட்டமின்மா."

"சத்து மாத்திரையா? அப்ப நல்லதுதான். ஒழுங்கா போடு."

அன்னியிலேருந்து அதுக்கு அதுதான் பேரு. எங்க வூட்டுல மருந்து வேற, சத்து மாத்திரை வேற. மருந்துன்னா நோவுக்கு, கசக்கும், அளவு தப்பினா ஆபத்து. சத்து மாத்திரைன்னா முட்டை, பேரீச்சம்பழம், கேப்பைக் கூழு வரிசை. ஒண்ணு கூடப் போட்டா இன்னும் கொஞ்சம் தெம்பு, அவ்ளோதான். சின்ன வயசுல அங்கன்வாடியில எங்கள வரிசையா நிக்க வெச்சு, கண்ணுக்கு நல்லதுன்னு வாயில ஒரு கரண்டி ஊத்துவாங்களே, அதுவும் இதே விட்டமின் ஏதான். கண்ணுக்கு நல்லது! இப்ப நெனச்சா சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல.

ரெண்டாவது மாசம் டாக்டரம்மாகிட்ட போவல. டோல்கேட்டுல லீவு கேட்டா மேனேஜரு மூஞ்சியக் காட்டுவாரு. காலி அட்டையக் கொண்டு போயி திண்டிவனத்துல ஒரு கடையில காட்டினேன், குடுத்துட்டாங்க. ஒண்ணுக்கு இவ்ளோ நல்லா கேக்குதுன்னா ரெண்டு போட்டா ஜல்தியா போயிடுமேன்னு நானா ரெண்டாக்கினேன். நடுவுல தாடையில ரெண்டு கட்டி பழுத்துக்கிச்சு. அதே கடையில, பழுக்கறதுக்கு ஏதாவது குடுங்கன்னு கேட்டு ஒரு கேப்ஸ்யூல் வாங்கி அதையும் சேத்து முழுங்கினேன். அந்தக் கேப்ஸ்யூலும் இந்த மாத்திரையும் ஒரே வயித்துல சேரக் கூடாதாம். அது எனக்கு அப்பால தெரிஞ்சுது.

உதடு உரிஞ்சு ரத்தம் வந்துச்சு. வந்தா வரட்டும்னு விட்டேன். ஏன்னா மூஞ்சி தெளிஞ்சுக்கினு வந்துச்சு. மூணாவது மாசம் கன்னத்தத் தடவிப் பாத்தா வழவழன்னு இருக்கு. கண்ணாடி முன்னாடி நின்னு அழுதேன்.

அப்பதான் தலைவலி வந்துச்சு. படுத்தா ஜாஸ்தி, குனிஞ்சா ஜாஸ்தி, இருமினா மண்டைக்குள்ள யாரோ சுத்தியலால அடிக்கற மாதிரி. காதுக்குள்ள ஒரு சத்தம், உஸ்ஸு உஸ்ஸுன்னு, நெஞ்சு துடிக்கற கணக்குக்கு சரியா. பூத்துல உக்காந்தா வெளிய லாரி ஹாரன், உள்ள இந்த உஸ்ஸு. குனிஞ்சு செருப்பு போட்டுக்கினு நிமுந்தா ரெண்டு மூணு செகண்டு கண்ணுல கரண்டு போயிட்டு வரும். எல்லாத்துக்கும் நான் வெச்சிருந்த ஒரே பதில் கோவம். அதுக்கு முன்னாடி எனக்குக் கோவம் வந்தா கத்துவேன், எப்பவாவது கை ஓங்குவேன். இப்ப கத்தறதுக்கெல்லாம் நேரமே இல்ல. கோவம் வர்றதுக்கு முன்னாடியே கை போயிருக்கும்.

எங்கம்மா ரசத்துல உப்பு போட மறந்துச்சுன்னு கொதிக்கற ரசத்த கிண்ணத்தோட செவுத்துல அடிச்சேன். தெறிச்சு அதோட முழங்கையில கொப்புளம். பஸ்சுல தள்ளிக்கினு நின்ன ஒருத்தி கைய கடிச்சேன். கடிச்சேங்க, பல்லால. தங்கச்சி போன்ல சிரிச்சுப் பேசிக்கினு இருந்தா, புடுங்கி தரையில அடிச்சு அது மேல ஏறி நின்னேன். கண்ணாடி போனது, தட்டு நெளிஞ்சதெல்லாம் கணக்குலயே சேராது. ஒவ்வொரு தடவயும் எங்கம்மா முந்தானையால கண்ணத் தொடச்சுக்கினு, "அப்பன் ரத்தம், எங்க போவும்"னு சொல்லும். எனக்கும் அதான் சரின்னு பட்டுச்சு. இன்னொண்ணையும் சொல்லிடறேன். அடிச்சு முடிச்ச ஒரு நிமிஷம் தலைவலி கொறைஞ்ச மாதிரி இருக்கும். அது நெசமா, என் மனசு பண்ண வேலையான்னு தெரியல.

டோல்கேட்டுல ஒரு நாள் மத்தியானம் டெம்போக்காரன் ஒருத்தன் வந்தான். அவன் வண்டி ஸ்டிக்கர் வேலை செய்யல. கையில வெச்சு ஸ்கேன் பண்ற மெஷின எடுத்துக்கினு ஜன்னல் வழியா எட்டறேன், எனக்கு ரெண்டு டெம்போ தெரியுது. பக்கத்துல பக்கத்துல, ரெண்டு நம்பர் பிளேட்டு, ரெண்டு டிரைவரு. எதுல வெக்கறதுன்னு தெரியாம மெஷின அந்தரத்துல ஆட்டிக்கினு நிக்கறேன். பரு போனாலும் தழும்பும் தோல் உரியறதுமா இருந்த என் மூஞ்சிய அவன் பாத்துட்டு, "இன்னாம்மா, ரோடு போட ஜல்லி பத்தலன்னு உன் மூஞ்சியிலேருந்து பேத்துக்கினு போயிட்டாங்களா?"ன்னான். பின்னாடி இருந்தவன் சிரிச்சான். ரெண்டு டிரைவருல எவன் நெசமோ அவன் மேல படட்டும்னு அந்த மெஷினாலயே அடிச்சேன். பட்டுச்சு. புருவம் கிழிஞ்சு ரத்தம் கண்ணுக்குள்ள எறங்குச்சு. அவன் கதவத் திறந்துக்கினு எறங்க, நான் பூத்த விட்டு வெளிய வந்து சட்டையப் புடிச்சு இன்னும் ரெண்டு குடுத்தேன். நாலு பேரு சேந்து என்னைப் பிரிச்சாங்க. மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு வேலைய விட்டு வந்தேன். போலீஸ் வரைக்கும் போவாம விட்டது அந்த டெம்போக்காரன் பெருந்தன்மை. அவன் அன்னிக்கு விட்டது தப்போன்னு கூட நான் நெனச்சிருக்கேன்.

வூட்டுல ரொம்பப் பயந்துட்டாங்க. எங்கம்மா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல தலைவலிக்கு ஒரு டாக்டர்கிட்ட இட்டுக்கினு போச்சு. அவரு நாடி புடிச்சாரு, பிரஷர் பாத்தாரு. "வேற மருந்து எதாவது எடுத்துக்கறீங்களா?"ன்னு தெளிவா கேட்டாரு.

"இல்லீங்க"ன்னேன். பக்கத்துல எங்கம்மாவும், "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க"ன்னுச்சு.

நாங்க ரெண்டு பேரும் பொய் சொல்லல. சத்தியமா சொல்லல. அவரு மருந்து கேட்டாரு, நாங்க மருந்துக்கு பதில் சொன்னோம்.

அதுக்கப்புறம் பாவசங்கீர்த்தனம். நாங்க வேதக்காரங்க, கிறிஸ்தவங்க. கோயில்ல பாவசங்கீர்த்தனக் கூண்டுப் பக்கத்துல முட்டி போட்டு, "சாமி, அம்மாவ அடிச்சேன், தங்கச்சிய அடிச்சேன், தெரியாதவங்கள அடிச்சேன், நிறுத்த முடியல"ன்னு அழுதேன். சாமியாரு பொறுமையா கேட்டுட்டுப் பத்து அருள் நிறை மரியே செபம் சொல்லச் சொன்னாரு. சொன்னேன். ஏழாவது சொல்லிக்கினு இருக்கும்போது முன் பெஞ்சுல ஒரு அம்மா இருமினதுக்கு அவங்க மேல செபமாலைய விட்டெறிஞ்சேன். டாக்டர்கிட்டயும் மாத்திரையச் சொல்லல, சாமியாருகிட்டயும் சொல்லல. மாத்திரை போடறது பாவமா இன்னா?

இதையெல்லாம் பாத்துக்கினு இருந்தது தங்கச்சி ஒருத்திதான். அவ மட்டும் என்னைப் பாத்து அப்பன் ரத்தம்னு சொல்லல. போன்ல எதையோ தேடித் தேடிப் படிச்சுக்கினு இருந்தா.

ஒரு ஞாயித்துக்கிழமை. பூசை முடிஞ்சு வந்துட்டோம். அடுத்த ஞாயித்துக்கிழமை என்னைப் பாக்க செஞ்சிப் பக்கத்துலேருந்து ஒரு குடும்பம் வர்றதா இருந்துச்சு. எங்கம்மா எண்ணெய் வாங்க கடைக்குப் போயிருந்துச்சு. தங்கச்சி சமையக்கட்டுல தரையில உக்காந்து பூரி தேச்சுக்கினு இருந்தா. நான் மாத்திரைய தேடறேன், காணோம். அலமாரி, பை, தலகாணி அடி, எங்கயும் காணோம்.

"நான்தான் எடுத்து வெச்சேன்"னா, தலைய நிமுத்தாம. "அக்கா, இது சத்து மாத்திரை இல்லக்கா. நான் படிச்சுப் பாத்தேன். தலைவலி, கண்ணு, கோவம் எல்லாம் போட்டிருக்கு. அந்த டாக்டரம்மாகிட்ட போயி கேட்டுட்டு அப்புறம் போடு."

"குடுடி."

"மாட்டேன்."

"உனக்கு மூஞ்சி மழமழன்னு இருக்கு. நான் மட்டும் சாவற வரைக்கும் சீழ் புடிச்சுக் கெடக்கணும், அதான உனக்கு ஆசை?"

"உனக்கு இன்னாமோ ஆவுதுக்கா. எனக்குப் பயமா இருக்கு"ன்னு அழுதா. அழுதது எனக்கு இன்னும் ஏத்துச்சு. குனிஞ்சு அவ கையிலேருந்த பூரிக்கட்டையப் புடுங்கினேன்.

எத்தினி தடவ அடிச்சேன்னு ஞாபகம் இல்லன்னு ரொம்ப நாள் சொல்லிக்கினு திரிஞ்சேன். பொய். மூணு. மொதல்ல தோள்ல. ரெண்டாவது முதுகுல. மூணாவது, அவ ரெண்டு கையாலயும் தலைய மூடிக்கினு சாயறப்ப, கை மூடாத எடமா பாத்து, காதுக்குப் பின்னாடி. அந்தச் சத்தம் எனக்கு இப்பவும் கேக்கும். அவ கத்தல. பொத்துனு மாவு மேல சாஞ்சா. மாவு டப்பா கவுந்துச்சு. கவுந்த மாவுக்குள்ள மாத்திரை அட்டை.

அவ காதுலேருந்து ரத்தம் வந்து மாவுல எறங்கிக்கினு இருக்கு. நான் அந்த அட்டைய எடுத்து, ஊதிட்டு, ரெண்டு மாத்திரைய பிச்சு, சொம்புத் தண்ணி குடிச்சு முழுங்கிட்டு, அதுக்கப்புறம்தான் அவளப் பாத்தேன். அடிச்சதக்கூட யாராவது மன்னிப்பாங்க. இத மன்னிக்க என்னாலயே முடியல.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டதுக்கு, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் சார்"னு அவளே சொன்னா. அவரு நம்பல. என்னை ஒரு தடவ பாத்தாரு, எங்கம்மாவ ஒரு தடவ பாத்தாரு. எலும்புல விரிசல், உள்ள கேக்கற பாகத்துக்கு அடி, பழையபடி கேக்கறது கஷ்டம்னு சொன்னாரு. வெளிய பெஞ்சுலேருந்து எழுந்தேன். கரண்டு போச்சு. இந்தத் தடவ வரல. அஞ்சு எண்ணினேன், பத்து எண்ணினேன். அப்பால மங்கலா வெளிச்சம் வந்துச்சு, ஆனா இடது பக்கத்த காணோம். நடந்து போயி தள்ளு வண்டியில மோதி விழுந்தேன். எனக்கு சந்தோசமா இருந்துச்சு. அவ காதுக்கு என் கண்ணு, சரியாப் போச்சுன்னு நெனச்சேன்.

அவ விடல. ரெண்டு நாள் கழிச்சு காதுல பஞ்சும் தலையில கட்டுமா, நிக்கக்கூட முடியாம ஆடிக்கினு, என்னை கண் டாக்டர்கிட்ட இட்டுக்கினு போனா. டாக்டர் கண்ணுக்குள்ள லைட் அடிச்சு ரொம்ப நேரம் பாத்தாரு. அதே கேள்வி: "மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?"

"இல்லீங்க"ன்னேன்.

தங்கச்சி பையத் திறந்து அந்த அட்டைய எடுத்து மேஜை மேல வெச்சா. மாவு இன்னும் அதுல ஒட்டிக்கினு இருந்துச்சு. "இத போடுதுங்க. ரெண்டு ரெண்டா. பழுக்கறதுக்கு ஒரு கேப்ஸ்யூலும் போட்டுச்சு."

டாக்டர் என்னை மொறைச்சாரு. "இத ஏம்மா சொல்லல?"

"மருந்தான்னு கேட்டீங்க சார். இது சத்து மாத்திரை."

அவரு பேனாவ கீழ வெச்சுட்டாரு. மூளையச் சுத்தி இருக்கற தண்ணியோட அழுத்தம் ஏறிப் போச்சு, கண்ணு நரம்பு ரெண்டும் வீங்கிக்கினு இருக்கு, இந்த மாத்திரையால அபூர்வமா அப்படி வரும், கூட சாப்பிட்ட கேப்ஸ்யூல் அத ஜாஸ்தியாக்கும்னு சொன்னாரு. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பார்வை மொத்தமா போயிருக்கும்"னாரு. தங்கச்சி தலைய சாய்ச்சு வலது காதால அதக் கேட்டுக்கினு இருந்தா. அப்பவே அந்தப் பழக்கம் வந்துடுச்சு அவளுக்கு.

மாத்திரைய நிறுத்தினாங்க. ஸ்கேன் எடுத்தாங்க. நண்டு மாதிரி சுருட்டிப் படுக்க வெச்சு முதுகுத்தண்டுல ஊசி ஏத்தி தண்ணி எடுத்தாங்க, உசுரு போயி உசுரு வந்துச்சு. அப்பால அழுத்தத்துக்கு வேற மாத்திரை, அது போட்டா விரல் நுனியெல்லாம் எறும்பு ஊறும். மூணு மாசத்துல தலைவலி போச்சு. உஸ்ஸு போச்சு. ரெண்டு டெம்போ ஒண்ணாச்சு. இடது கண்ணுல ஓரமா ஒரு துண்டு மட்டும் திரும்பி வரல. பரு பாதி திரும்பி வந்துச்சு. செஞ்சிக் குடும்பம் வரவே இல்ல.

எனக்கு வந்த நிம்மதி இருக்கே, அத இப்ப சொல்லவே வெக்கமா இருக்கு. நான் இல்ல, மாத்திரை! கண்டவங்க கிட்டயெல்லாம் சொன்னேன். எங்கம்மாகிட்ட, எதுத்த வூட்டுல, ரேஷன் கடை வரிசையில. சாமியாருகிட்ட போயி, "போன தடவ சொன்ன பாவமெல்லாம் என்னுது இல்ல சாமி, மருந்தோடது"ன்னு வாபஸ் வாங்கப் பாத்தேன். அவரு அதே பத்து அருள் நிறை மரியேவக் குடுத்தாரு. கண் டாக்டர்கிட்ட, "என் கோவம் மாத்திரையாலதான்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க சார்"னு கேட்டேன். "சில பேருக்கு மனசு கெடும்னு சொல்றாங்கம்மா. வலியும் ஒரு மனுசன மாத்தும். ஆனா நீங்க அடிச்ச அடி அதனாலதான்னு என்னால எழுத முடியாது"ன்னாரு. நல்லா திட்டிட்டு வந்தேன் அந்தாள.

தங்கச்சிக்குக் கல்யாணம் ஆச்சு. அவரு நல்ல மனுசன், எப்பவும் அவளுக்கு வலது பக்கமாவே நடப்பாரு. கொழந்தை பொறந்துச்சு. எங்கள்ள மொத புள்ளைக்கு ஞானஸ்நானத்துல ஞானத்தாயா நிக்கறது அம்மாவோட அக்கா. அது வழக்கம். புள்ளைக்கு வெள்ளை கவுனு, குல்லா, சங்கிலி எல்லாம் வாங்கி வெச்சுட்டேன். ஒரு வாரம் முன்னாடி தெரிஞ்சுது, அவரோட சித்தி நிக்கறாங்கன்னு.

கண்டமங்கலத்துக்குப் போயி நின்னேன். "அது நான் இல்லடி! டாக்டரே சொன்னாரே, மாத்திரைன்னு. நீதான அட்டைய எடுத்துக் காட்டின? இன்னும் இன்னா எம் மேல?"ன்னு கத்தினேன்.

அவ புள்ளைய உள்ள படுக்க வெச்சுட்டு வந்து கதவ சாத்தினா. பொடவைய முட்டிக்கு மேல தூக்கி தொடையக் காட்டினா. அங்க நீலமா ஒரு புள்ளி. அவ நாலாவது படிக்கறப்ப, நான் ஆறாவது. என் ஜியாமெட்ரி பாக்ஸ கேக்காம எடுத்தான்னு காம்பஸ் முள்ள எறக்கினேன். முள்ளுல இருந்த மை உள்ளயே நின்னுடுச்சு.

"இதுக்கு எந்த மாத்திரைக்கா?"ன்னா.

கோவமா கேக்கல. தெரிஞ்சுக்கத்தான் கேட்டா. பஸ் ஏறி வந்துட்டேன். ஞானஸ்நானத்தப்போ கோயில்ல கடைசி பெஞ்சுல உக்காந்துக்கினு இருந்தேன்.

அதுக்கப்புறம் நான் யாருகிட்டயும் மாத்திரைன்னு சொல்றதில்ல. கோவம் பாதி போச்சு, பாதி இருக்கு. போன பாதி மாத்திரையோடது, இருக்கற பாதி என்னுது, அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்ச கணக்கு. மூணு அடியில எது யாரோடதுன்னு கேட்டா தெரியாது. அட்டைய எடுத்து ஊதினது யாருன்னு மட்டும் தெரியும்.

போன மாசம் எங்கம்மாவுக்கு ஜுரம்னு தங்கச்சி வந்திருந்தா. அம்மா உள்ள படுத்துக்கினு இருந்துச்சு. தங்கச்சி கூடத்துல எனக்குப் பாதி முதுகு காட்டி உக்காந்து, அவிச்ச மல்லாட்டைய, அதான் வேர்க்கடலைய, உரிச்சுக்கினு இருந்தா. அவளோட இடது பக்கம் என் பக்கமா இருந்துச்சு. புள்ள தளர் நடையா வந்து என் முட்டியப் புடிச்சுக்கினு நின்னா. நான் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில போட்டு உக்காந்துட்டேன். "பெரிம்மா"ன்னா. சொல்லிட்டு, கண்ணு கெட்டப்புறம் நான் போடற கண்ணாடியப் புடுங்கினா. சிரிச்சேன். அடுத்தது கையில இருந்த மல்லாட்டைத் தோலோட என் இடது கண்ணுல நேரா குத்தினா. அந்தக் கண்ணுல. உசுரு போற வலி. தண்ணி கொட்டுது. அவ கெக்கெக்கென்னு சிரிச்சுக்கினு இன்னொரு குத்து குத்தினா.

வந்துடுச்சு. எனக்குத் தெரியும் அது வர்ற வழி, வயித்துலேருந்து தோளுக்கு, தோள்லேருந்து உள்ளங்கைக்கு. வலது கை தொடைக்கு அடியிலேருந்து தானா வெளிய வந்துச்சு. உடம்புல ஒரு மாத்திரை இல்ல. தலைவலி இல்ல. முழுசா நான்தான்.

"ஏய், எனக்குக் கோவம் வருது. புள்ளைய தூக்கிக்க"ன்னு பல்லக் கடிச்சுக்கினு மெதுவாதான் சொன்னேன்.

தங்கச்சி மல்லாட்டை உரிச்சுக்கினே இருந்தா. அவளுக்குக் கேக்கல. நான் சொன்னது போயி விழுந்தது நான் போக்கின காதுல.

"புள்ளைய தூக்கிக்கடி!" குரலே வரல எனக்கு. புள்ள மூணாவது குத்துக்குக் கைய ஓங்கினா. நானும் ஓங்கின கையோட இருக்கேன். அந்தக் கைய எங்கயாவது வெச்சாகணும். அவ அக்குள்ள குடுத்து, இன்னொரு கையையும் குடுத்து, தூக்கிட்டேன். பொறந்ததுலேருந்து மொத தடவ. கனமா இருந்தா. தலையில தேங்கா எண்ணெய் வாசனை. அவள உடம்போட சேக்காம நீட்டின கையிலயே வெச்சுக்கினு, கூடத்தச் சுத்தி நடந்து போயி, தங்கச்சிக்கு வலது பக்கமா முட்டி போட்டு உக்காந்து சொன்னேன்.

"கோவம் வந்துடுச்சு. வாங்கிக்க."

அவ என் கையப் பாத்தா, என் கண்ணப் பாத்தா. டக்குனு புள்ளைய வாங்கிக்கினா. நான் பாத்ரூமுக்குப் போயி மூஞ்சி கழுவிக்கினு, செவுத்துல தலைய முட்டுக் குடுத்து நின்னுட்டு வந்தேன்.

வந்து உக்காந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "போச்சா?"ன்னா.

"இன்னும் இல்ல"ன்னேன்.

மல்லாட்டைய உரிச்சு புள்ளைக்கு ஊட்டிக்கினு இருந்தா. கிண்ணத்துல பாதி காலியாச்சு. மறுபடியும், "போச்சாக்கா?"ன்னா.

"போச்சு."

எழுந்து வந்து புள்ளைய என் மடியில உக்கார வெச்சா. திரும்பிப் போயி பழைய எடத்துலயே உக்காந்தா, ஆனா இந்தத் தடவ வலது காத எங்க பக்கமா திருப்பி வெச்சுக்கினு உக்காந்தா.